டாலின் இலவசப் பொதுப் போக்குவரத்து

எஸ்டோனியாவின் தலைநகரான டாலினில், நகரவாசிகளாகப் பதிவு செய்தோருக்கு 2013 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டணமில்லாப் பயணத் திட்டம். தொடக்கத்தில் நகரின் பேருந்து, டிராம், டிராலிபஸ் மூன்றுக்கும் பொருந்தியது. மேயர் எட்கர் சவிசார் காலத்தில், 2012 மார்ச்சில் நடந்த வாக்கெடுப்பில் நான்கில் மூவர் ஆதரித்தனர். பயணச் சலுகைக்காகப் பலர் தம் முகவரியை டாலினுக்கு மாற்றிப் பதிந்தனர். அவர்களது வருமான வரியின் ஒரு பங்கு நகராட்சிக்கு வந்தது. திட்டம் தாக்குப்பிடித்ததற்கு இது முக்கியக் காரணம். ஏழைகளுக்கும் வேலை தேடுவோருக்கும் திட்டம் எந்த அளவு உதவியது என்பதில் தெளிவில்லை. கார் பயணங்கள் சற்றே மட்டும் குறைந்தன. முன்பு நடந்து சென்றவர்களே அதிகம் பேருந்தேறினர். கட்டணத்தை நீக்கினால் மட்டும் போதாது. வாகன நிறுத்தக் கட்டணமும் பேருந்துக்கான தனித்தடமும் சேர்ந்தால்தான் மக்கள் காரை விட்டு இறங்குவார்கள்.