‘பரடைஸ்’: வந்தவங்க பேச்சும் நம்ம பசங்களோட மௌனமும்

பிரசன்ன விதானகேயின் ‘பரடைஸ்’ படத்தைப் பற்றி எங்க கூட்டத்துக்குள்ள ஒரே கருத்து கிடையாது. பாதிப் பேருக்குப் பிடிச்சிருக்கு, மீதிப் பேருக்குக் கோபம். 2023இல் பூசான் திரைப்பட விழாவில் கிம் ஜிசோக் விருது வாங்கிய படம். 2024 ஜூனில் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்து, பிறகு ஓடிடியில் நம்ம கைக்கும் வந்தது. நடந்த வாக்குவாதத்தை அப்படியே எழுதாமல், அந்த வாக்குவாதம் எந்த வரலாற்றிலிருந்து வந்ததுன்னு பார்க்கலாம்னுதான் இந்தக் கட்டுரை.

கதை சின்னது. 2022, நாடு கடனைக் கட்ட முடியாதுன்னு கைவிரித்துவிட்ட நேரம். கேசவ், அம்ரிதா என்கிற மலையாளத் தம்பதி கல்யாண நாளைக் கொண்டாட இலங்கை மலைநாட்டுக்கு வருகிறார்கள். ராமாயணத் தலங்களைக் காட்டும் சுற்றுலா. வழிகாட்டி அண்ட்ரூ பேசுகிறார், அவர்கள் பேசுகிறார்கள், காருக்குள் பேச்சு, பங்களா விறாந்தையில் பேச்சு. ஒருநாள் இரவு யாரோ புகுந்து லேப்டாப்பையும் போனையும் பறித்துக்கொண்டு போகிறார்கள். கேசவின் வேலை முழுக்க அந்த லேப்டாப்பில். பொலிஸை நெருக்குகிறான். பொலிஸ் மூன்று தோட்டத்துத் தமிழ்ப் பையன்களைப் பிடித்து வருகிறது. இவங்கதான் என்று கேசவ் கைகாட்டுகிறான். அம்ரிதாவுக்கு நிச்சயமில்லை. அடிபட்ட பையன் ஒருவன் செத்துப்போகிறான். அதற்குப் பிறகு நடப்பதைச் சொல்லமாட்டோம்.

முதல் குற்றச்சாட்டு: ஒரே பேச்சு. இதில் எங்களுக்கு உடன்பாடில்லை. ஊரை விட்டு ஊர் போனவர்கள் பேசிக்கொண்டே இருக்கிற படங்கள் உலகத்தில் நிறைய உண்டு. விட் ஸ்டில்மன் 1994இல் எடுத்த ‘பார்சிலோனா’ அப்படித்தான். இரண்டு அமெரிக்கர்கள், ஒருவன் விற்பனைக்காரன், ஒருவன் கடற்படை அதிகாரி, ஸ்பெயினில் உட்கார்ந்து காதலிலிருந்து நேட்டோ வரைக்கும் பேசித் தீர்க்கிறார்கள். இயக்குநர் அவர்களைக் கிண்டல் பண்றாரா, அவங்க பக்கம் நிற்கிறாரான்னு பார்க்கிறவன் குழம்பிப்போவான். அந்தக் குழப்பம்தான் படமே. ‘பரடைஸ்’ படத்திலும் பேச்சு வெறும் பேச்சில்லை. பேசத் தெரிந்தவன் முறைப்பாடு கொடுக்கிறான், அந்த முறைப்பாட்டில் இன்னொருத்தன் சாகிறான்.

இரண்டாவது குற்றச்சாட்டுதான் கனமானது. அந்த மூன்று பையன்கள் யார்? அவங்க வீடு எது, அம்மா யார், அன்றைக்கு வேலைக்குப் போனாங்களா? படம் சொல்வதில்லை. நம்ம மலையில் எடுத்த படத்திலும் நாம பின்னாலதானா என்று எங்களில் பலர் கேட்டார்கள்.

இது இன்றைக்கு நேற்று வந்த கேள்வி இல்லை. 1934இல் பேசில் ரைட் எடுத்த ‘சோங் ஒஃப் சிலோன்’ உலகப் புகழ்பெற்ற ஆவணப்படம். அதற்குக் காசு கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. தேயிலையை விற்க எடுத்த படத்தில் கொழுந்து பறித்தவர்களுடைய கதை எங்கே? படத்தில் ஒலிக்கும் குரல் லயனல் வென்ட்டுடையது, வார்த்தைகள் 17ஆம் நூற்றாண்டில் இங்கே சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸுடையவை. கொழுந்துக் கூடை சுமந்தவளுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

அடுத்து 1954இல் ஹொலிவூட்டின் ‘எலிஃபன்ட் வோக்’. எலிசபெத் டெய்லர், பீட்டர் ஃபின்ச். முதலில் நடிக்க வந்தவர் விவியன் லீ. அவர் சுகவீனப்பட்டு விலகியதைப் பற்றி ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். துரை, துரைசாணி, பெரிய பங்களா, யானைகளின் பாதையை மறித்த கர்வம். அதில் கொள்ளைநோய் வந்து கூட்டம் கூட்டமாகச் சாகிறவர்கள் நம்ம ஆட்கள். அழுவதற்கு நேரம் துரைசாணிக்குத்தான். அந்தப் படம் எடுத்தபோது நிஜ வாழ்க்கையில் நம்ம தாத்தா பாட்டிமார் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகி ஐந்தாறு வருஷம்.

நாமே எடுத்த படங்களும் உண்டு. 1960களின் தொடக்கத்திலேயே ‘தோட்டக்காரி’ வந்தது. 1975இல் தொழிற்சங்கவாதி வி.பி. கணேசன் ‘புதிய காற்று’ எடுத்தார். பிறகு ‘நான் உங்கள் தோழன்’, ‘நாடு போற்ற வாழ்க’. தென்னிந்தியப் பாணியில் பாட்டும் சண்டையும் நிறைந்த படங்கள்தான். ஆனாலும் தோட்டத் தொழிலாளியை நடுவில் நிறுத்தி, அவனைப் பேசவிட்டார்கள். அந்த வரிசை 1980களில் அறுந்துபோனதுக்குக் காரணம் ரசனையில்லை, 1983. அதற்கு மேல் யார் காசு போட்டுத் தமிழ்ப் படம் எடுப்பார்கள்?

விதானகே நமக்குப் புதியவர் இல்லை. 2012இல் வந்த அவருடைய ‘ஒப நெதுவ ஒப எக்க’வும் மலைநாட்டில் நடக்கிற கதைதான். அடகுக்கடை வைத்திருக்கும் முன்னாள் சிங்களச் சிப்பாயும் செல்வி என்கிற தமிழ்ப் பெண்ணும். அந்தச் சிப்பாயாக நடித்த ஷியாம் பெர்னாண்டோதான் இதில் அண்ட்ரூ. 2014இல் சென்னையில் அந்தப் படத்துக்கு எதிர்ப்பு வந்து காட்சிகள் நிறுத்தப்பட்டன. சிங்கள இயக்குநர் எடுத்த படம் என்பதே பலருக்குப் போதுமாக இருந்தது. பார்த்தவர்களோ, போரில் தான் செய்ததை ஒரு சிங்களச் சிப்பாய் முகம் கொடுத்துப் பார்க்கிற படம் இது என்றார்கள். அந்தப் பிளவு இப்ப எங்க கூட்டத்துக்குள்ளேயும் வந்திருக்கு, கொஞ்சம் வேறு வடிவத்தில்.

எங்களில் பெரும்பாலானோர் வந்து சேர்ந்த இடம் இது: அந்தப் பையன்களுக்கு வாய் கொடுக்காதது படத்தின் குறை இல்லை. கேசவின் கண்ணால் பார்த்தால் அவங்க அப்படித்தான் தெரிவாங்க, மூன்று கறுத்த முகம். பொலிஸுக்கும் அதுவே போதும். ஏன் போதும் என்பதைத்தான் படம் சொல்லாமல் விடுகிறது. அதைச் சொல்ல ஊவாவில் வாழ்ந்தவனுக்குப் படம் தேவையில்லை. 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களை ஒரு கும்பல் கொன்றது. பொலிஸார் அங்கேயே நின்றார்கள். 2005இல் உயர் நீதிமன்றம் கடைசியாக மிஞ்சியிருந்த குற்றவாளிகளையும் விடுவித்தது. அந்த வருஷங்களில் மலையகப் பையன் பஸ்ஸில் ஏறினாலும் அடையாள அட்டை, இறங்கினாலும் அடையாள அட்டை.

2023 மே மாதம், இந்தப் படம் பூசானுக்குப் போவதற்குச் சில மாதம் முன்னால், கொழும்பில் வீட்டு வேலை செய்த பதுளைப் பெண் ஒருவர் வெலிக்கடை பொலிஸ் காவலில் இறந்துபோனார். அவர் மேல் இருந்த முறைப்பாடு நகைத் திருட்டு. படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எங்களில் யாரும் இதைச் சொல்லவில்லை, ஆனால் முடிந்ததும் எல்லாரும் முதலில் பேசியது இதைத்தான். வசதியுள்ள வீட்டில் பொருள் காணாமல் போனால் விலை கொடுப்பது யார் என்பதில் கதைக்கும் நிஜத்துக்கும் இடைவெளி ரொம்பக் குறைவு.

ராமாயணப் பகுதிதான் எங்களுக்குச் சலிப்பு. அம்ரிதாவின் சீதை பற்றிய சிந்தனைகள் படத்துக்கு ஒரு அடுக்கைக் கொடுக்குதுன்னு சிலர் சொன்னாங்க. இருக்கலாம். எல்ல பக்கம் போனால் இராவணன் குகை, இராவணன் நீர்வீழ்ச்சி. வெலிமடைக்குப் பக்கத்தில் சீதை தீக்குளித்ததாகச் சொல்கிற திவுரும்பொல விகாரை. எல்லாத்துக்கும் பெயர்ப்பலகை, வழிகாட்டி, டொலர். அதே பதுளை மாவட்டத்தில்தான் கொஸ்லாந்தை மீரியபெத்தையும் இருக்கு. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போன இடம். எந்தச் சுற்றுலாக் காரும் அங்கே திரும்பாது. படத்தின் காரும் அப்படி ஒரு பக்கம் திரும்பவில்லை என்பது எங்க மனக்குறை.

ஆனால் 2022ஐ படம் சரியாகப் பிடிச்சிருக்கு. பெற்றோல் இல்லாத நாடு, ரோட்டில் மறியல், அதற்கு நடுவில் மலிவாகக் கிடைத்த விடுமுறை. அப்ப தோட்டத்தில் ஒரு நாள் பேருக்கு 1000 ரூபா. நிர்ணயித்த கிலோ எடுக்காவிட்டால் அரைப்பேர். ரொட்டி சுடுகிற கோதுமை மாவின் விலை மாசத்துக்கு மாசம் ஏறியது. அந்த வருஷம்தான் தோட்டத்தை விட்டு எல்லவுக்கும் கொழும்புக்கும் வேலை தேடிப்போன பையன்கள் கூடினார்கள். எங்க கூட்டத்திலேயே இருக்கிறார்கள், ஹோம்ஸ்டேயில் அறை துப்புரவாக்கிறவர்கள், முச்சக்கர வண்டி ஓட்டுகிறவர்கள்.

அவர்களில் ஒருவன் வாக்குவாதம் முழுக்கச் சும்மா இருந்தான். படம் நல்லதா கெட்டதா என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. அவன் அறை கூட்டப் போகும்போது விருந்தாளியைக் கூட வைத்துக்கொண்டுதான் உள்ளே போவானாம். மேசையில் போன், பர்ஸ் எது இருந்தாலும், அண்ணே எடுத்துக்கோங்க, அக்கா எடுத்துக்கோங்க என்று சொல்லி, அவங்க கையில் எடுத்த பிறகுதான் விளக்குமாற்றைத் தொடுவானாம்.