இடது ஓரத்து அடைப்புக்குறி

நிரலுக்குள் எங்காவது கர்சரை வைத்துவிட்டு, "நான் இப்போ எந்த ஃபங்ஷனுக்குள்ளே இருக்கேன்?" என்று எடிட்டரிடம் கேட்டால் பெயரைச் சொல்லிவிடும். பக்கத்தில் பட்டியல் போட்டுக் காட்டும். ஒரு கீயைத் தட்டினால் வரையறைக்கே கூட்டிப்போகும். மொழியைப் படித்துப் புரிந்துகொண்டுதான் இதையெல்லாம் செய்கிறது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பல பத்தாண்டுகள் பெரும்பாலான எடிட்டர்கள் செய்தது வெறும் ஊகம். அந்த ஊகம் தப்பிப்போகாமல் இருக்க, நிரல் எழுதுகிறவர்கள் தங்கள் கையெழுத்தை மாற்றிக்கொண்டார்கள். பழைய கையேடுகளைப் புரட்டும்போது என்னை இழுத்தது இந்த இரண்டாவது சமாச்சாரம்தான்.

ஈமாக்ஸிலிருந்து தொடங்கலாம். ஆரம்பகால ஈமாக்ஸ், ஃபங்ஷனின் தலையைக் கண்டுபிடிக்க நேர்மையான வழியைத்தான் பின்பற்றியது: அடைப்புக்குறிகளை எண்ணிக்கொண்டே மேலே போய், இதற்கு மேல் வெளி அடைப்பு இல்லை என்கிற இடத்தில் நிற்பது. சிக்கல் என்னவென்றால், வெளியே இன்னொரு அடைப்பு இல்லை என்று உறுதி செய்ய கோப்பின் முதல் வரி வரைக்கும் போயே ஆகவேண்டும். மூன்று வரி ஃபங்ஷனாக இருந்தாலும் இதே கதை. அன்றைய கணினியில் இது ரொம்ப மெதுவான வேலை. எனவே குறுக்கு வழி ஒன்றை வைத்தார்கள். வரியின் இடது ஓரத்தில், முன்னால் இடைவெளியே இல்லாமல் ஒரு ( அல்லது { வந்தால் அதுதான் வரையறையின் தொடக்கம். ஈமாக்ஸின் பழைய கையேடே இந்தக் காரணத்தை ஒளிக்காமல் சொன்னது. பெரும்பாலும் சரியாக வரும் என்றும் சேர்த்துக்கொண்டது.

அந்தப் 'பெரும்பாலும்' தப்பும் இடம் ஒன்று இருந்தது. லிஸ்ப் மொழியில் ஃபங்ஷனுக்குள்ளேயே விளக்கவுரை எழுதுவார்கள். அந்த உரையின் ஏதாவது ஒரு வரி தற்செயலாக ( என்று தொடங்கினால், அன்றைய எடிட்டர் அதையே புது வரையறை என்று நம்பிவிடும். அதனால் அந்த அடைப்புக்குறிக்கு முன்னால் ஒரு பின்சாய்வுக்கோடு போடுவது வழக்கமாயிற்று. விளக்கத்தைப் படிப்பவர் கண்ணில் அது படாது, மொழிக்கும் அது தேவையில்லை. எடிட்டர் ஏமாறாமல் இருக்க மட்டும்தான். ஈமாக்ஸின் பழைய மூலக்கோப்புகளில் இந்தக் கோடுகளை இன்றும் பார்க்கலாம்.

சி மொழிக்காரர்களும் தப்பவில்லை. க்னூ திட்டத்தின் எழுத்து விதிகள், ஃபங்ஷனின் பெயர் வரியின் முதல் எழுத்திலேயே தொடங்க வேண்டும் என்கின்றன. அதனால் அது திருப்பித் தரும் மதிப்பின் வகையைத் தனியே மேல் வரியில் எழுத வேண்டியிருக்கிறது. முதல்முறை பார்ப்பவருக்கு விநோதமாக இருக்கும். ஆனால் 'வரியின் தொடக்கத்தில் இந்தப் பெயர்' என்று தேடினால் வரையறை மட்டும் சிக்கும். அந்த ஃபங்ஷனை அழைக்கும் இடங்கள் எல்லாம் உள்தள்ளி இருப்பதால் சிக்காது. எளிமையான தேடல் கருவியை வைத்துக்கொண்டு இதைவிடக் கெட்டிக்காரத்தனமாகச் செய்திருக்க முடியாது என்பது என் எண்ணம்.

வி‌ஐ எடிட்டர் பக்கம் இதே வேலைக்கு சிடேக்ஸ் என்ற தனி நிரல் இருந்தது. பெர்க்லியில் கென் ஆர்னால்ட் எழுதியது. கோப்புகளை ஒருமுறை படித்து, பெயர், எந்தக் கோப்பு, அங்கே எந்த வரியைத் தேட வேண்டும் என்று ஒரு பட்டியல் தயாரிக்கும். வரி எண்ணைக் குறிக்காமல் வரியின் வாசகத்தையே குறித்தார்கள். மேலே நாலு வரி கூடினாலும் பட்டியல் பிழைத்துக்கொள்ளும். ஒவ்வொரு சி நிரலிலும் 'மெயின்' என்று ஒரு ஃபங்ஷன் இருக்குமே, எந்த மெயின்? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். கோப்பின் பெயருக்கு முன்னால் 'எம்' சேர்த்துவிடுவது: 'சார்ட்' என்ற கோப்பில் இருக்கும் மெயின், பட்டியலில் 'எம்சார்ட்'.

தவறான பெயர் வந்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். அடுத்தவர் எழுதிய மாற்றத்தைச் சரிபார்ப்பவரை எண்ணிப் பாருங்கள். டிஃப் கருவி ஒவ்வொரு துண்டுக்கும் மேலே ஃபங்ஷன் பெயரைக் காட்டும். அந்தப் பெயரை நம்பித்தான் அவர் படிக்கிறார். அதுவும் ஊகம்தான்: மேலே பார்த்துக்கொண்டே போய், எழுத்தில் தொடங்கும் முதல் வரியை எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் கெர்னலில் 'அவுட்' மாதிரியான தாவல் அடையாளங்கள் இடது ஓரத்தில் இருக்கும். ஆகவே ஃபங்ஷன் பெயர் வரவேண்டிய இடத்தில் 'அவுட்' வந்து நிற்கும். சிலர் அந்த அடையாளத்துக்கு முன்னால் ஒரே ஒரு இடைவெளி விட்டு எழுதத் தொடங்கினார்கள். மறுபடியும், கருவிக்காக வளைந்தது மனிதர்தான். பிற்பாடு கிட், சி மொழிக்கான தன் விதிகளில் இந்த அடையாளங்களை ஒதுக்கித் தள்ள ஒரு தனி வரியே சேர்த்தது.

நம் பக்கத்துச் சங்கதி இங்கேதான் வருகிறது. 2008-ல் வந்த பைத்தான் 3, தமிழில் ஃபங்ஷன் பெயர் வைக்க இடம் கொடுக்கிறது. 'கணக்கு' என்று வைத்தால் நிரல் ஒழுங்காக ஓடும். ஆனால் பெயரைப் பிடிக்க பலரும் எழுதும் ரீஜெக்ஸ், 'சொல் எழுத்து' என்ற வகையை நம்பியிருக்கிறது. பைத்தானின் சொந்த ரீஜெக்ஸ் நூலகத்தில் அந்த வகைக்குள் தமிழின் புள்ளியும் வராது, கால், கொம்பு முதலிய உயிர்க்குறிகளும் வராது. விளைவு, ஃபங்ஷனின் பெயர் 'கணக' என்று வெட்டுப்படும். பெயரை அடுத்து உடனே அடைப்புக்குறி வரவேண்டும் என்றும் ரீஜெக்ஸில் எழுதியிருந்தால், வரையறையே கண்ணில் படாது. 'பல' தப்பிக்கும், 'சில' தப்பாது! ஜாவாஸ்கிரிப்ட்டில் இன்னும் மோசம். அங்கே அந்த வகைக்கு ஆங்கில எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் மட்டுமே சொல். முன்னாடி சொன்ன இடங்களிலெல்லாம் எழுதுகிறவர் ஒரு இடைவெளியோ ஒரு கோடோ போட்டுச் சமாளிக்கலாம். இங்கே என்ன செய்வது, புள்ளி இல்லாமலா எழுதுவது?

2010-களில்தான் போக்கு மாறியது. 2016-ல் மைக்ரோசாஃப்ட் அறிவித்த லாங்குவேஜ் சர்வர் நெறிமுறை, 'வரையறை எங்கே?' என்ற கேள்வியை மொழி தெரிந்த தனி நிரலிடம் விட்டது. கிட்ஹப்பின் ஆட்டம் எடிட்டருக்காக மேக்ஸ் பிரன்ஸ்ஃபெல்ட் உருவாக்கிய ட்ரீ-சிட்டர், எடிட்டருக்குள்ளேயே பார்சரைக் கொண்டுவந்தது. பாதி எழுதிய, பிழையுள்ள நிரலையும் அது தாங்கும். ஒரு எழுத்து மாறினால் பாதிக்கப்பட்ட பகுதியை மட்டும் மறுபடி படிக்கும், முதல் வரிக்கு ஓடாது. பழைய ஈமாக்ஸ் நேர்மையைக் கைவிட்டது எந்தக் காரணத்துக்காகவோ, அந்தக் காரணமே போய்விட்டது. 2023-ல் ஈமாக்ஸ் 29-உம் இதை ஏற்றுக்கொண்டது.

ட்ரீ-சிட்டரின் பைத்தான் இலக்கணம், பெயர் எது என்பதற்கு யூனிகோட் வகுத்த அடையாளப்பெயர் விதியையே எடுத்துக்கொள்கிறது. அந்த விதியில் புள்ளிக்கும் உயிர்க்குறிகளுக்கும் இடம் உண்டு. 'கணக்கு' முழுசாக வருகிறது. ஆனால் ஒவ்வொரு மொழிக்கும் யாராவது உட்கார்ந்து இலக்கணம் எழுதித் தரவேண்டும். 'நிரல்பாகம்' என்று வரையறையைத் தொடங்கும் எழில் மொழிக்கும் அப்படித்தான்.