திருமுழுக்கு அளிப்பவர்

கிறித்தவ சமயத்தில் திருமுழுக்கு அல்லது ஞானஸ்நானம் கொடுக்கும் உரிமை யாருக்கு உண்டு, பெறுகிறவர் தமக்குப் பிடித்த ஒருவர் கையால் அதைப் பெறலாமா என்பவை திருச்சபையின் தொடக்க காலத்திலேயே எழுந்த கேள்விகள். கொரிந்து நகரத்துச் சபையார் ஆளுக்கொரு தலைவர் பெயரைச் சொல்லிப் பிரிந்து நின்றபோது, கிறிஸ்பு, காயு, ஸ்தேவான் வீட்டார் தவிர வேறு யாருக்கும் தாம் முழுக்குக் கொடுத்த நினைவில்லை என்று பவுல் எழுதினார்; அதற்காகக் கடவுளுக்கு நன்றியும் சொன்னார். கொடுப்பவரின் புகழோ ஒழுக்கமோ முழுக்கின் பயனைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை என்று அகுஸ்தீன் பின்னாளில் வாதிட்டார். யார் தண்ணீர் ஊற்றினாலும் முழுக்களிப்பவர் கிறிஸ்துவே என்பது அவர் நிலை.

கத்தோலிக்கரிடம் 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. ஆயர், குரு, திருத்தொண்டர் ஆகியோர் இயல்பான பணியாளர்கள். அவர்கள் இல்லாத இடத்தில் ஆயர் நியமித்த வேதியர் கொடுக்கலாம். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் சரியான நோக்கமுள்ள எவரும் கொடுக்கலாம். கிறித்தவர் அல்லாதவரும் இதில் அடக்கம். பிரசவ அறையில் குழந்தை மூச்சுக்குப் போராடும்போது, பக்கத்தில் நிற்கும் செவிலியர் தந்தை, மகன், தூய ஆவியின் பெயரைச் சொல்லித் தலையில் தண்ணீர் ஊற்றினால் அது முழுமையான திருமுழுக்கு. இதை அறியாமல் குருவைத் தேடி ஓடுவதில் வீணாகும் நேரம் கொடியது. ஒவ்வொரு கிறித்தவக் குடும்பமும் தெரிந்திருக்க வேண்டிய விதி இது.

விருதுநகர் மாவட்டத்துப் பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வரலாற்றில் உபதேசியார்கள் எனப்படும் இத்தகைய வேதியர்களுக்குப் பெரிய இடம் உண்டு. குருமார் அரிதாகவே வந்துபோன, இராமநாதபுரம் சேதுபதி மன்னர்கள் ஆண்ட மறவர் சீமையில் சபைகளைக் காத்தவர்கள் அவர்களே. நோயுற்றிருந்த மறவர் தலைவர் தடியத்தேவர், உபதேசியார் ஒருவர் நற்செய்தி வாசித்தபின் நலமடைந்தார் என்கிறது மறைபணி வரலாறு. அவருக்குத் திருமுழுக்குக் கொடுத்தவரோ இயேசு சபைக் குரு ஜான் டி பிரிட்டோ. 1693 ஜனவரி 6 அன்று அது நடந்தது. ஒரு மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்கினால்தான் முழுக்கு என்று பிரிட்டோ விதித்திருந்தார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதியின் உறவினர். அவள் முறையிட்டதைத் தொடர்ந்து பிரிட்டோ பிடிபட்டு, பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டார்.

சீர்திருத்தச் சபைகளில், கொடுக்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வி கூர்மையாக வெடித்தது திருநெல்வேலியில். உபதேசியார்களுக்குக் குருப்பட்டம் ஆங்கிலிக்கன் ஆயர் கையால்தான் கிடைக்க வேண்டும் என்று சி.எம்.எஸ். என்னும் ஆங்கிலிக்கன் மறைபணிச் சங்கம் வலியுறுத்தியது. லுத்தரன் முறையில் பட்டம் பெற்றிருந்த அச்சங்கத்தின் மறைபணியாளர் இரேனியஸ் இதை ஏற்கவில்லை. 1835இல் சங்கத்துக்கும் அவருக்கும் இருந்த உறவு முறிந்தது. அவரிடம் படித்த ஜான் அருளப்பன் (1810–1867) இன்னும் ஒரு படி மேலே போனார். குருப்பட்டம் தேவையில்லை என்னும் பிரதரன் இயக்கத்தின் முன்னோடி அந்தோனி நாரிஸ் குரோவ்ஸின் நட்பால் அவ்வியக்கக் கருத்துகளை ஏற்று, பட்டம் பெறாமலே சபை நடத்தினார். அதுவரை பட்டம் பெற்றவர் மட்டுமே முழுக்கும் திருவிருந்தும் கொடுத்துவந்த தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளில் இது பெரும் பரபரப்பை உண்டாக்கியது. இன்றைய விருதுநகர் மாவட்டத்தில், வத்திராயிருப்புக்கு அருகே அவர் நிறுவிய கிறிஸ்டியான்பேட்டை அந்தத் துணிவின் ஊர். வெளிநாட்டுச் சம்பளமும் ஆயரின் கைவைப்பும் இல்லாமல் ஒரு தமிழர் முழுக்குக் கொடுத்தது, நம் திருச்சபை வரலாற்றில் இன்னும் போதிய அளவு பேசப்படாத நிகழ்வு.

1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் பொதுவாகப் பட்டம் பெற்ற குருவானவரே ஞானஸ்நானம் கொடுக்கிறார். அருப்புக்கோட்டை வட்டாரச் சபைகள் மதுரை–இராமநாதபுரம் பேராயத்தைச் சேர்ந்தவை. பெந்தெகொஸ்தே சபைகளில் விசுவாசத்தை அறிக்கையிட்டவர்களைப் பாஸ்டர் நீரில் முழுமையாக மூழ்கச் செய்கிறார். பிரதரன் சபைகளில் பட்டம் என்பதே இல்லாததால் சபைச் சகோதரர் ஒருவர் கொடுக்கிறார்.

முழுக்களிப்பவரைப் பெறுகிறவர் தேர்ந்தெடுக்கும் உரிமையோ குறுகியது. கத்தோலிக்கருக்குச் சொந்தப் பங்கின் ஆலயமே முறையான இடம். ஞானப் பெற்றோரையும் பெயரையும் குடும்பம் முடிவு செய்யலாம். குருவாக இருக்கும் தாய்மாமன் வந்து கொடுக்க வேண்டும் என்று கேட்கலாம். ஆனால் அதற்குப் பங்குத்தந்தையின் இசைவு வேண்டும். வெளியூர்க் குரு அனுமதியின்றிக் கொடுத்தால் அது சட்ட மீறல், ஆனாலும் அந்த முழுக்கு செல்லுபடியாகும். கொடுத்தவர் பிடிக்கவில்லை என்பதற்காக மறுபடி பெற முடியாது. குழந்தையாக ஞானஸ்நானம் பெற்ற தென்னிந்தியத் திருச்சபையார் பெந்தெகொஸ்தே சபைக்குச் சென்று மூழ்கினால் அவர்களுடைய தாய்ச்சபை அதை இரண்டாம் முழுக்காகக் கண்டு ஏற்க மறுக்கிறது. புதிய சபையோ அதையே முதல் முழுக்கு என்கிறது.