ஓரணாச் சிற்றுண்டி

1920-இல், பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவே செலவு. மாணவர் தொகை பெருகிற்று. மேலும் நான்கு பள்ளிகளுக்கு உணவு சென்றது. தொடக்கக் கல்விப் பணத்தை உணவுக்குச் செலவிடலாகாதென ஆங்கில அரசு தடுக்கவே, 1925-இல் திட்டம் நின்றது.

கல்வி வேறு, சோறு வேறு என்பதே அத்தடையின் உட்பொருள். 1956-இல் காமராசரும், 1982-இல் எம்.ஜி.ஆரும் அளித்த விடை, இரண்டும் ஒன்றே என்பதாகும்.

இன்று கல்லாவியில் தட்டேந்தி நிற்கும் சிறுமி வந்தது சோற்றுக்கா, படிப்புக்கா எனக் கேட்போர் உண்டு. பசித்த வயிறு அவ்வாறு பிரித்தறியாது. அனைவரும் ஒரே பந்தியில் உண்ணும்போது, தான் இரந்துண்ணவில்லை என்பதை அவள் அறிகிறாள். அதுவும் கல்வியே அன்றோ?