ஒரு கடல், எட்டு நாடுகள்

கடல்நீரைக் குடிநீராக்கும் தொழிலைப் பேரளவில் முதன்முதல் மேற்கொண்ட நாடுகளுள் குவைத் ஒன்று. ஆறு ஏதும் பாயாத அந்நாடு, நெடுங்காலம் தன் குடிநீரைச் சட்டுல் அரபு ஆற்றிலிருந்து பாய்மரக் கலங்களில் கொணர்ந்தது. எண்ணெய் வளம் பெருகியபின், 1953ஆம் ஆண்டில் ஷுவைக் என்னுமிடத்தில் நாளொன்றுக்கு 10 இலட்சம் காலன் நன்னீர் தரும் ஆலை எழுந்தது. நாளடைவில் சவூதி அரேபியா, கத்தார், பகுரைன், ஐக்கிய அரபு சிற்றரசுகள் ஆகியனவும் அவ்வழியே சென்றன.

நன்னீர் பிரிந்தால் உப்பு எங்கே செல்லும்? வந்த கடலுக்கே திரும்பும். காய்ச்சி வடிக்கும் ஆலையின் கழிவு, கடலினும் வெம்மை மிக்கது. குழாய்களில் அரித்த செம்பும் அதில் கலந்திருக்கும். சவ்வின் வழியே அழுத்தி வடிகட்டும் ஆலையின் கழிவில் வெம்மை குறைவு. ஆயினும் உப்பு ஏறக்குறைய இருமடங்கு. பாசி படியாமலிருக்க இடும் குளோரினின் எச்சமும் உண்டு. உப்பு மிக்க நீர் கனமானது. அலைகளால் கலக்கப்படாவிடின் அடித்தரையில் படர்ந்து, ஆங்கு வாழும் உயிர்களை வாட்டும்.

பாரசீக வளைகுடாவின் சராசரி ஆழம் ஏறத்தாழ 35 மீட்டரே. பெருங்கடலோடு அதனை இணைக்கும் வாயில் ஓர்முசு நீரிணை ஒன்றுதான். பெருங்கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவான உப்பு, ஈண்டு 40 கிராம் அளவாகும். கதிரவன் வெம்மையால் ஆவியாகும் நீரோடு ஒப்பிட, ஆலைகள் பிரித்தெடுக்கும் நன்னீர் சிறிதே என்பது உண்மை. ஆயினும் கழிவு கடல் முழுதும் சமமாய்ப் பரவுவதில்லை. நீரோட்டம் தளர்ந்த ஆழமற்ற கரையோரத்திலேயே அதன் கேடு மிகுதி.

1978ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் வளைகுடாவைச் சூழ்ந்த எட்டு நாடுகள் குவைத்தில் கூடிக் கடற்காப்பு உடன்படிக்கை செய்தன. ஈரானும் ஈராக்கும் ஒரே ஏட்டில் ஒப்பமிட்டன. இரண்டரை ஆண்டுக்குள் அவ்விரு நாடுகளும் போரில் இறங்கின, உடன்படிக்கையோ அழியவில்லை. அந்நாளில் அனைவரும் அஞ்சியது எண்ணெய்க் கசிவையே. நிலத்திலிருந்து கடலிற் சேரும் மாசுகளுக்கெனத் தனி நெறிமுறை 1990இல்தான் வகுக்கப்பட்டது. மறு ஆண்டு போரில் கடலிற் கொட்டிய எண்ணெய், சவூதியின் ஜுபைல் ஆலைக்கே அச்சுறுத்தலாயிற்று. குடிக்கும் கிணறும் கழிக்கும் குழியும் ஒன்றேயென்பது அன்று எல்லார்க்கும் விளங்கியது.

2019ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட கணக்கின்படி, உலக ஆலைகள் நாளொன்றுக்கு 9.5 கோடி கனமீட்டர் நன்னீரும் 14.2 கோடி கனமீட்டர் உவர்க்கழிவும் தருகின்றன. கழிவில் பாதிக்கு மேல் சவூதி, ஐக்கிய அரபு சிற்றரசுகள், குவைத், கத்தார் ஆகிய நான்கு நாடுகளுடையது.

தீர்க்கும் வழிகள் இல்லாமலில்லை. மின்னாலைகளின் குளிர்விப்பு நீரோடு கழிவைக் கலந்து உப்பைத் தணிக்கலாம். நீரோட்டம் வலிய இடத்தில் பல துளைக் குழாய்களால் சிதறவிடலாம். ஆனால் ஒரு நாடு மட்டும் செய்து பயனென்ன? கழிவுக்கு எல்லைக்கல் தெரியாது.

சிங்கப்பூரின் முதல் கடல்நீர் ஆலை 2005இல் துவாசில் தொடங்கியது. ஜொகூர் நீரிணைக்கு இரு கரைகள், கரைக்கு ஓர் அரசு, நீரோ ஒன்று. கேடு தோன்றிய பின்னர் ஏடு எழுதுவதினும், கேடு தோன்றுமுன் இரு கரையாரும் ஒன்றாய் நீரை அளந்து கணக்கு வைப்பதே அறிவுடைமை. வளைகுடாவின் வரலாறு நமக்கு உணர்த்தும் பாடம் இதுவே.