எழுந்து நிற்கையில் குறையும் எண்: குருதியழுத்த வரலாற்றில் விடுபட்ட ஓர் அளவீடு

'அவருக்குப் பிரஷர் இருக்கிறது' என்னும் தொடர் இன்று தமிழில் ஒரு நோயைக் குறிக்கிறது. உயிருள்ள ஒவ்வோர் உடலிலும் குருதிக்கு அழுத்தம் உண்டு. அது இல்லையேல் உயிரில்லை. ஆயினும் பேச்சுவழக்கில் அச்சொல் மிகை அழுத்தத்தை மட்டுமே சுட்டுகிறது. குறைவைச் சொல்ல 'லோ' என்னும் அடை தேவைப்படுகிறது. பொதுப்பொருள் கொண்ட சொல் ஒரு கூற்றுக்கு மட்டும் உரியதாகச் சுருங்குவது எல்லா மொழிகளிலும் காணப்படுவதே. இங்குச் சுருங்கியது சொல் மட்டுமன்று; அச்சொல்லின் பின்னுள்ள மருத்துவப் பார்வையும் அவ்வாறே சுருங்கியது. எண் எவ்வளவு உயர்ந்தது என்ற கேள்வி நிலைபெற்றது. அந்த எண் எழுந்து நிற்கையில் எவ்வளவு குறைகிறது என்ற கேள்வி ஓரத்திற்குத் தள்ளப்பட்டது. முதியோர் மயங்கி விழுவதன் வரலாறு பெரிதும் அந்த ஓரத்தில்தான் கிடக்கிறது.

இதன் தொடக்கம் கருவியில் இருக்கிறது. 1896இல் இத்தாலியின் தூரின் நகரில் ஷிபியோனே ரீவா-ரோச்சி மேற்கையில் காற்றுப்பை சுற்றி, மணிக்கட்டில் நாடி மறையும் அழுத்தத்தைப் பாதரச உயரத்தால் அளந்தார். அதில் மேல் எண் மட்டுமே கிடைத்தது. 1905இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நிக்கொலாய் கொரோத்கோவ், பைக்குக் கீழே தமனியின் மீது ஒலிமானியை வைத்துக் கேட்டு, மேல் கீழ் இரண்டு எண்களையும் பெறும் முறையை மிகச் சுருக்கமான ஓர் அறிக்கையில் வெளியிட்டார். அமர்ந்தோ படுத்தோ இருப்பவரிடம் எளிதாகச் செய்யக்கூடிய முறை இது. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்க ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் இந்த எண்ணை விண்ணப்பதாரர் பரிசோதனையில் சேர்த்தன. ஒருவர் எத்தனை காலம் வாழக்கூடும் என்பதைக் கணிக்க ஒற்றை அளவீடே அவற்றுக்குப் போதுமானதாயிருந்தது.

1911இல் ஜெர்மானிய மருத்துவர் எபர்ஹார்ட் ஃபிராங்க், காரணம் புலப்படாத மிகை அழுத்தத்திற்கு 'எசென்ஷியல்' என்னும் அடையைச் சூட்டினார். அக்கால மருத்துவ வழக்கில் அதற்கு 'வேறொன்றால் விளையாத, தானே தோன்றிய' என்று பொருள். ஆனால் 'இன்றியமையாத' என்ற பொதுவழக்குப் பொருளும் அச்சொல்லோடு ஒட்டிக்கொண்டது. முதிர்ந்து தடித்த தமனிகளின் வழியே குருதியைச் செலுத்த உயர் அழுத்தம் தேவை, அதைக் குறைப்பது தீங்கு என்று தேர்ந்த மருத்துவர் பலர் கருதினர். லிவர்பூல் மருத்துவர் ஜான் ஹே 1931இல், மிகை அழுத்தம் கண்டுபிடிக்கப்படுவதே அதன் பெரிய ஆபத்து, யாரேனும் ஓர் அறிவிலி அதைக் குறைக்க முயல்வான் என்ற கருத்தை வெளிப்படையாகவே முன்வைத்தார். மேல் எண் 'நூறுடன் வயதைக் கூட்டினால் வருவது' என்ற கணக்கும் நெடுநாள் புழங்கியது. அதன்படி முதியவரின் உயர் எண் நோயாகவே எண்ணப்படவில்லை.

இதே காலத்தில் மற்றொரு பதிவும் நிகழ்ந்தது. 1925இல் அமெரிக்காவில் சாமுவேல் பிராட்பரியும் கேரி எகிள்ஸ்டனும் நிற்கும்போது அழுத்தம் சரிந்து மயங்கிய மூன்று நோயாளரைப் பற்றி எழுதினர். மனிதன் எழுந்து நின்றவுடன் அரை லிட்டருக்கும் மேற்பட்ட குருதி கால்களிலும் வயிற்றிலும் தேங்குகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள உணர்விகள் அந்தச் சரிவை உணர்கின்றன, பரிவு நரம்புகள் நோர்அட்ரினலினைச் சுரந்து குழாய்களைச் சுருக்குகின்றன, இதயத்துடிப்பு விரைகிறது. சில நொடிகளில் நடந்துமுடியும் இந்த ஈடுகட்டல் தவறினால் மூளைக்குக் குருதி குறைகிறது. கண் இருள்கிறது, கால் துவள்கிறது. வயது ஏற ஏற இந்த எதிர்வினை மந்தமாகிறது. நீரிழிவால் நரம்புகள் நலிந்தவர்களிடமும், உடலில் நீர் குறைந்த வேளையிலும் சரிவு மிகும். உணவுக்குப் பின்னும் முதியோரிடம் அழுத்தம் குறைவதுண்டு. இவை எதையும் அமர்ந்தநிலை எண் காட்டுவதில்லை.

மிகை அழுத்தத்தை மருந்தால் குறைக்க முடியும் என்ற நம்பிக்கையின் வரலாற்றில் இந்தியாவுக்கு நேரடிப் பங்குண்டு. சர்ப்பகந்தி என்னும் செடியின் வேர் பித்துக்கும் உறக்கமின்மைக்கும் நெடுங்காலமாக இங்குப் பயன்பட்டு வந்தது. 1931இல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் அவ்வேர் மனநோயையும் உயர் குருதியழுத்தத்தையும் தணிப்பதாக எழுதினர். அதே ஆண்டில் தில்லி திப்பியா கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கியும் ரஃபத் உசேன் சித்திக்கியும் வேரிலிருந்து வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்தனர். ஒன்றுக்கு, கல்லூரியை வளர்த்த ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக 'அஜ்மலின்' என்று பெயரிட்டனர். இந்திய மருத்துவர்கள் இவ்வேரைப் பல்லாண்டு கையாண்ட பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. பம்பாயின் ருஸ்தம் ஜால் வகீல் 1949இல் பிரிட்டிஷ் இதய இதழில் தம் மருத்துவ ஆய்வை வெளியிட்டார். அதைத் தொடர்ந்து பாஸ்டனில் ராபர்ட் வில்கின்ஸ் அம்மருந்தைச் சோதித்தார். 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன ஆய்வாளர்கள் 'ரெசர்பின்' என்னும் வீரியப் பொருளைப் பிரித்தெடுத்தனர். 1957இல் வகீலுக்கு லாஸ்கர் விருது கிடைத்தது.

இந்த வெற்றிக்கதை பலமுறை சொல்லப்பட்டதே. ஆனால் ரெசர்பின் செய்வது என்ன என்பது பின்னர்தான் தெளிந்தது: நரம்பு முனைகளில் சேமிக்கப்பட்டுள்ள நோர்அட்ரினலினை அது வற்றச்செய்கிறது. எழுந்து நிற்கும் உடல் எந்தச் சேமிப்பை நம்புகிறதோ, அதே சேமிப்பு. அதே காலத்து மருந்தான ஹெக்சாமெத்தோனியம் நரம்பு முடிச்சுகளையே தடுத்ததால் நோயாளர் எழுந்தவுடன் மயங்கினர். அத்தகைய மருந்து கொடுத்த மருத்துவர்கள் நிற்கும்நிலை அழுத்தத்தை அளக்காமல் இருக்க முடியவில்லை. சர்ப்பகந்தியின் விளைவோ மெதுவானது, மென்மையானது. அதனாலேயே அது விரும்பப்பட்டது. மருந்துகள் மென்மையாக ஆக ஆக, நோயாளரை எழுப்பி நிறுத்தி அளக்கும் வழக்கம் அன்றாட மருத்துவத்தில் தளர்ந்தது. கண்முன்னே விழுபவர் குறைந்தபோது, வீட்டில் விழுபவரைத் தேடும் தேவையும் மறைந்தது.

அதற்குள் மருந்தின் பயன் ஐயமற நிறுவப்பட்டது. 1967இல் வெளிவந்த அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் ஆய்வில், கீழ் எண் 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்கள் பங்கேற்றனர். போலி மாத்திரை பெற்றவர்களில் 27 பேருக்குக் கடும் பாதிப்பு நேர்ந்தது. மருந்து பெற்றவர்களில் 2 பேருக்கு மட்டுமே. அந்த மருந்துக் கூட்டில் ரெசர்பினும் இருந்தது. முதியோரைப் பற்றிய ஐயத்தை 1991இல் 'ஷெப்' ஆய்வு தீர்த்தது. மேல் எண் மட்டும் உயர்ந்திருந்த, 60 வயதைத் தாண்டிய 4,736 பேரில் சிகிச்சை பக்கவாதத்தை 36 விழுக்காடு குறைத்தது. 2008இல் 'ஹைவெட்' ஆய்வு, 80 வயதைக் கடந்த 3,845 பேரிடம் சிகிச்சை இறப்பையே 21 விழுக்காடு குறைத்ததாகக் காட்டியது. வயதுக்கேற்ற எண் என்ற பழைய வாதம் இத்துடன் வலுவிழந்தது.

இவ்விடத்தில்தான் கவனம் தேவை. ஹைவெட் ஆய்வு, நின்றநிலையில் மேல் எண் 140க்குக் கீழே இருந்தவர்களைச் சேர்க்கவில்லை. இலக்கை 120க்குக் கீழே வைத்த 2015ஆம் ஆண்டின் 'ஸ்பிரிண்ட்' ஆய்வு, ஒரு நிமிடம் நின்றபின் 110க்குக் கீழே சென்றவர்களை விலக்கியது. அவ்வாறு தெரிந்தெடுத்தும் தீவிர சிகிச்சைக் குழுவில் தாழ் அழுத்தமும் மயக்கமும் கூடுதலாகவே பதிவாயின. எனினும் காயம் விளைவித்த வீழ்ச்சிகள் அக்குழுவில் மிகவில்லை. ஆகவே விழுவதற்கு அஞ்சி மாத்திரையை நிறுத்திவிடுவது இந்த ஆய்வுகள் தரும் முடிவன்று. கட்டுப்படாத மிகை அழுத்தமே தமனிகளை விறைப்பாக்கி, நிற்கும்போது ஈடுகட்டும் திறனைக் கெடுப்பதும் உண்டு. ஆய்வுகள் தரும் முடிவு வேறு: முதியோருக்குச் சிகிச்சை நன்மை தரும் என்று காட்டியவை, நிறுத்தி அளந்தபின் சிகிச்சை தொடங்கிய ஆய்வுகள். அவற்றின் இலக்கு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, நிறுத்தி அளந்த படியை விட்டுவிட்டால், ஆய்வின் பாதியைத்தான் கையாள்கிறோம்.

அளக்கும் முறையில் மறைபொருள் ஏதுமில்லை. 1996ஆம் ஆண்டின் ஒருமித்த வரையறைப்படி, எழுந்து நின்ற மூன்று நிமிடத்திற்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அது நிலைமாற்றத் தாழ் அழுத்தம். ஐந்து நிமிடம் படுத்திருந்த பின் ஒருமுறை, நின்று ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்று நிமிடத்தில் ஒருமுறை அளந்தால் போதும். இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முன்னெடுப்பு 2017 நவம்பரில் தொடங்கிய பின், ஆரம்ப சுகாதார நிலையங்களில் அளத்தலும் ஆம்லோடிபின் போன்ற மாத்திரைகளும் பெருந்திரளுக்கு எட்டியுள்ளன. நோயைக் கண்டறிய அமர்ந்தநிலை எண் போதும். எழுபதைக் கடந்தவருக்கு இரண்டாவது மாத்திரை சேர்க்கும் முன்போ, புராஸ்டேட் சுரப்பிக்கான மாத்திரையோ சிறுநீர்ப்பெருக்கியோ உடன் செல்லும்போதோ, அது மட்டும் போதாது.

தமிழில் ஒருவர் விழுந்ததைச் சொல்ல வினையெச்சம் வேண்டும்: வழுக்கி விழுந்தார், தடுக்கி விழுந்தார், தவறி விழுந்தார், மயங்கி விழுந்தார். முற்றுவினை ஒன்றே, காரணம் எச்சத்தில் இருக்கிறது. சில நொடி நினைவிழந்த முதியவருக்கு அந்த நொடிகள் பெரும்பாலும் நினைவில் நிற்பதில்லை. ஈரத் தரையோ வாசற்படியோ அருகில் இருந்தால் குடும்பத்தார் 'வழுக்கி' என்றோ 'தடுக்கி' என்றோ சொல்லிவிடுகின்றனர். நோயேட்டிலும் அதுவே ஏறுகிறது. எலும்பு முறிவுக்குச் சிகிச்சை நடக்கிறது. அதே மாத்திரைகள் அதே அளவில் தொடர்கின்றன. 'மயக்கம்' என்ற சொல்லும் தலைச்சுற்றல், கிறுகிறுப்பு, நினைவிழப்பு மூன்றையும் தழுவுவதால் கேள்வி கேட்பவர் மேலும் துருவ வேண்டியிருக்கிறது: எழுந்தவுடனா, உண்டபின்னா, எந்த மாத்திரைக்குப் பின்? இந்த மூன்று கேள்விகளும் நின்றநிலையில் ஓர் அளவீடும் சேர்ந்தால், அந்த வினையெச்சம் பல வேளைகளில் மாறும். அது மாறினால் சிகிச்சையும் மாறும்.