பட்டிப்பூ யாருடையது?

நெல்லியடியில் வேலியோரத்திலும் மதிலடியிலும் நீரூற்றுவாரின்றிப் பூத்து நிற்பது பட்டிப்பூ. தமிழகத்தார் இதனை நித்தியகல்யாணி என்பர். சுடுகாட்டு மல்லிகை என்பாரும் உளர். ஆடும் கடிக்காத இச்செடியை நாம் ஒரு பொருட்டாகக் கருதியதில்லை. ஆயின் இதன் இலைக்குள் நம் மாணவர் அறியவேண்டிய வரலாறு ஒன்று உண்டு.

இதன் தாயகம் மடகஸ்கார். அங்கிருந்து வெப்ப நாடுகளெங்கும் பரவிய இச்செடியின் இலையை அவித்து, நீரிழிவுக்கு மருந்தென ஜமேக்கா மக்கள் குடித்து வந்தனர். 1952 இல் அங்கிருந்து 25 இலைகள் ஒரு கடித உறையில் கனடாவுக்குச் சென்றன. ஒன்ராறியோவில் றொபேட் நோபிள் அவ்விலையின் சாற்றை எலிகளுக்குச் செலுத்தி ஆராய்ந்தார். இரத்தத்திலே சர்க்கரை குறையவில்லை, வெள்ளணுக்களே குறைந்தன. அவ்வாறாயின், வெள்ளணுக்கள் கட்டின்றிப் பெருகும் இரத்தப் புற்றுநோய்க்கு இது மருந்தாகாதோ என்னும் வினா எழுந்தது. 1958 இல் நோபிளும் சாள்ஸ் பியரும் வின்பிளாஸ்ரினைப் பிரித்தெடுத்தமையை உலகுக்கு அறிவித்தனர். அமெரிக்காவின் எலி லிலி நிறுவனத்தார் அதே செடியில் வின்கிறிஸ்ரினைக் கண்டனர். 1963 இல் அது அந்நாட்டில் மருந்தாக அனுமதி பெற்றது.

உயிரணு இரண்டாகப் பிரிவதற்கு வேண்டிய நுண்ணிழைகள் உருவாகாதவாறு இவை தடுக்கின்றன. இரத்தப் புற்றுநோயால் ஒருகாலத்தில் சில மாதங்களிலேயே மாண்ட குழந்தைகளுள், வின்கிறிஸ்ரினும் பிற மருந்துகளும் சேர்ந்து, வசதியுள்ள நாடுகளில் இன்று பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேரைக் காக்கின்றன. இதனைக் கேட்டு இலையை அவித்துக் குடிக்கத் துணிதல் பேதைமை, செடி நஞ்சுடையது. அந்நஞ்சை அளந்து மருந்தாக்கியது விஞ்ஞானமே.

ஒரு கிராம் வின்பிளாஸ்ரினுக்கு ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். தமிழகத்தின் தென்மாவட்டங்களில் மானாவாரி நிலங்களிலும் இச்செடி பயிராகி, அதன் இலை கடல் கடந்தது. செடி மடகஸ்காரினது, அனுபவம் ஜமேக்கா மக்களது, உழைப்பு இலை பறித்தவர்களது. இலாபமோ நிறுவனத்தது. மடகஸ்காருக்கு அதில் பங்கில்லை. உயிர்வளத்தின் பயனை அது பிறந்த நாட்டோடு நீதியாகப் பகிர்தல் வேண்டும் என்பதை உலக நாடுகள் உடன்படிக்கையாக எழுதியது 1992 இல்தான்.

மக்கள் கூடினால் வேறு வழியும் உண்டென்பதை நம் மண்ணும் கண்டது. 2011 இல் தெற்கே தெவிநுவரவிலிருந்து நமக்கு அயலான பருத்தித்துறை வரை நடந்தோர் திரட்டிய பணம், தெல்லிப்பளையில் புற்றுநோய் மருத்துவமனையாயிற்று. மொழி பார்த்து வருவதில்லை நோய். அந்நடையிலும் மொழி பார்க்கப்படவில்லை.

வேலியோரத்துப் பூவைக் காட்டி நம் மாணவர்க்கு இவ்விரண்டையும் சொல்வோம்: அறிவு பலர் கைபட்டு வளர்வது, அதன் பயனும் பலரைச் சேர்தல் வேண்டும்.